இரக்கமும் ஒரு பழக்கம்தானா?

தமிழ்ப்பள்ளியில் படித்த நம் எல்லாருக்கும் ஔவையார் பாடியதாகச் சொல்லப்படும் ஒரு தனிப்பாடல் தெரியும். ஓவியம், பேச்சு, கல்வி, நடை எல்லாம் பழகப் பழக வரும் என்று அதில் சொல்கிறார். கடைசியில் நட்பு, தயை, கொடை மூன்றை மட்டும் தனியாக எடுத்து வைக்கிறார். இவை பிறக்கும்போதே கூட வரும் குணங்களாம்.

நான் ஓவியம் படிக்கும் மாணவி. பாட்டின் முதல் பாதியைத் தினமும் என் கையிலேயே சோதித்துப் பார்க்கிறேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இரண்டாம் பாதிதான் இடிக்கிறது. தயை பிறவிக் குணம் என்றால் நம் இளைஞர் இயக்கங்கள் நடத்தும் சமய வகுப்பு எதுக்கு? முதியோர் இல்லத்துக்குப் போய்ச் சேவை செய்வது எதுக்கு? இருக்கிறவனுக்கு இருக்கும், இல்லாதவனுக்கு இல்லை என்று விட்டுவிட்டுப் போகலாமே. வரையும் பழக்கத்தை வைத்தே இந்தக் கேள்வியை யோசித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஓவியத்தைப் பற்றி. விடுமுறையில் ஊருக்கு வரும்போது கோயில் மண்டபத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வரையச் சொல்லிக் கொடுப்பேன். அங்கே அதிகம் கேட்கும் வார்த்தை, "அக்கா, ஐடியாவே வர மாட்டேங்குது." கொஞ்சம் பெரிய பிள்ளைகள் என்றால், "மூட் இல்லக்கா." உந்துதல் என்பது மழை மாதிரி எங்கிருந்தோ வரும், வந்த பிறகுதான் பென்சிலை எடுக்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில் வரைந்து வாழ்ந்தவர்களைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

சில்பியை எடுத்துக்கொள்வோம். இயற்பெயர் சீனிவாசன். 1919இல் நாமக்கல்லில் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்துவிட்டு ஆனந்த விகடனில் சேர்ந்தார். சில்பி என்ற பெயரை வைத்தவர் அங்கே மூத்த ஓவியராக இருந்த மாலி. தென்னிந்தியக் கோயில்களுக்கு நேரில் போய், சிற்பங்களுக்கு முன்னால் உட்கார்ந்து அவர் வரைந்த படங்கள் 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்ற பெயரில் பல ஆண்டுகள் வெளிவந்தன. சாமியின் கழுத்தில் இருக்கும் மாலையை அவர் வரைந்தால், ஒவ்வொரு மணியும் தனித்தனியாகத் தெரியும். வாரப் பத்திரிகைக்கு வாரா வாரம் படம் வேண்டும். மூட் வரட்டும் என்று அச்சகம் காத்திருக்காது. சில்பி கல்லுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு அந்தக் கல்லே அவருக்கு வேலை கொடுத்தது.

தூர தேசத்திலிருந்தும் ஓர் ஆளைச் சொல்கிறேன். வின்சென்ட் வான்கோ ஓவியராவது என்று முடிவு செய்தபோது அவருக்கு 27 வயது. அதற்கு முன் பெல்ஜியத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடையே மதப் போதகராக இருந்தார். தன் துணிமணிகளைக்கூட அவர்களுக்குக் கொடுத்துவிட்டு அவர்களைப் போலவே குடிசையில் வாழ்ந்தார். அந்தத் தொழிலாளர்களைத்தான் முதலில் வரையத் தொடங்கினார். 1885இல் அவர் தீட்டிய 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' என்ற படம் இன்று உலகப் புகழ் பெற்றது. ஒரு விளக்கின் கீழே ஒரு விவசாயக் குடும்பம் சாப்பிடுகிறது, அவ்வளவுதான். அந்த ஒரு படத்துக்கு முன் அவர் விவசாயிகளின் முகங்களை மட்டும் சுமார் 40 முறை தீட்டிப் பழகியிருந்தார். மண்ணைக் கிண்டிய அதே கைகள்தான் இந்தத் தட்டுக்கும் நீள்கின்றன என்பதைக் காட்ட விரும்பியதாகத் தம்பிக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார். உழைத்தவன் கைக்கும் அவன் சாப்பிடும் சோற்றுக்கும் உள்ள உறவு அவருக்கு அத்தனை முகங்களைப் பார்த்ததில் பிடிபட்டது.

ஆக, பழக்கம் முன்னால் போகிறது. உந்துதல் பின்னால் நடந்து வருகிறது. ஔவையாரின் முதல் பாதி சரி.

இரண்டாம் பாதிக்கு வருவதற்கு நம் கெடாவிலேயே இருக்கும் ஒரு கைவேலையைச் சொல்ல வேண்டும். பால் மரம் சீவுவதை நம்மில் பலரின் தாத்தா பாட்டி செய்திருப்பார்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, இருட்டிலேயே நிரையில் இறங்குவார்கள். வெயில் ஏறுவதற்கு முன்தான் பால் நன்றாக இறங்கும். கத்தியால் பட்டையில் இடது மேலிருந்து வலது கீழாக ஒரு சாய்வுக் கோடு. ஏறக்குறைய 30 பாகைச் சாய்வு. பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்கள் அறுபட வேண்டும். அதற்கும் உள்ளே இருக்கும் மெல்லிய வளர்படலத்தில் கத்தி படக்கூடாது. பட்டால் மரம் காயப்படும். பிறகு அந்த இடத்தில் வளரும் புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வரும், மறுபடி ஒழுங்காகச் சீவ முடியாது. இப்படி ஒரு நாளைக்கு நானூறு, ஐந்நூறு மரம். ஒவ்வொன்றிலும் நேற்றுப் போட்ட கோட்டுக்கு ஒட்டியே இன்றைய கோடு.

ஓவியக் கல்லூரியில் எங்களுக்கு முதல் வாரம் தரும் பயிற்சியும் கிட்டத்தட்ட இதுதான். ஒரே சாய்வில், ஒரே அழுத்தத்தில், பக்கம் பக்கமாகக் கோடு.

தோட்டத்தில் மரம் சீவி ஓய்வு பெற்ற ஒரு பாட்டி எங்கள் தாமானில் இருக்கிறார். அவர் அனுமதியோடு அவர் கைகளை வரைந்தேன். வெறும் கைதான், மடியில் வைத்தபடி. இருபது நிமிடம் போனதும் பாட்டிக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, இந்தக் கையில என்னா இருக்குன்னு இப்பிடிப் பாக்கிற?"

"வலது கை ஆள்காட்டி விரல் உள்பக்கம் தடிச்சிருக்கு பாட்டி. இடது கையில அப்படி இல்ல. அதான் பாக்கிறேன்."

பாட்டி கையைத் திருப்பித் தானும் பார்த்தார். அப்புறம் கத்தியைப் பிடிக்கிற மாதிரி விரல்களை மடக்கிக் காட்டினார். "இங்கதான் கத்தி உக்காரும். முப்பது வருஷம் உக்காந்துச்சு." அதற்குப் பிறகு பேச்சு நிற்கவில்லை. பட்டையைத்தான் சீவணும், மரத்தைத் தொடக்கூடாது என்று தன் அம்மா கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தது, மழை நாளில் பால் மங்கு தண்ணீரோடு நிரம்பி அந்த நாள் உழைப்பே வீணாய்ப் போனது, ஒட்டுப்பால் பொறுக்கப் பிள்ளைகளைக் கூட்டிப் போனது எல்லாம் சொன்னார். எத்தனையோ கல்யாணத்திலும் தீபாவளியிலும் பாட்டியைப் படம் எடுத்திருக்கிறோம். அந்த விரலைப் பற்றி யாரும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றியிருக்காது. கைப்பேசியில் படம் எடுக்க ஒரு நொடி போதும், அந்த நொடியில் தடித்த விரல் கண்ணில் படாது.

இதில் என்னை யோசிக்க வைத்தது ஒன்று உண்டு. நான் அன்று இரக்கப்பட்டு பாட்டியைப் பார்க்கப் போகவில்லை. பயிற்சிக்காகப் போனேன். கை வரைவது கஷ்டம், அதைப் பழக வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். ஆனால் ஒரு மனிதரின் கையை இருபது நிமிடம் கவனமாகப் பார்த்தால், அந்தக் கைக்கு நடந்தது என்ன என்ற கேள்வி தானாக எழுகிறது. அந்தக் கேள்விதான் தயையின் முதல் படி என்று நினைக்கிறேன். அப்படியென்றால் அந்தப் படியில் பழக்கத்தின் வழியாகவே ஏறலாம்.

இது என் சொந்தக் கற்பனை இல்லை. பகவத் கீதையின் ஆறாம் அத்தியாயத்தை எடுத்துப் பாருங்கள். மற்றவர்களின் இன்பத்தையும் துன்பத்தையும் தன்னுடையதைப் போலவே காண்பவன்தான் சிறந்த யோகி என்று கண்ணன் 32ஆம் சுலோகத்தில் சொல்கிறார். அடுத்த இரண்டு சுலோகங்களில் அர்ஜுனன் நம்மைப் போலவே முறையிடுகிறான்: இந்தச் சமநோக்கு நிலைக்கும் என்று தோன்றவில்லை, மனம் அலைபாய்கிறது, அதை அடக்குவது காற்றைப் பிடிப்பது போலக் கடினம். 35ஆம் சுலோகத்தில் கண்ணனின் பதில் வருகிறது. கடினம்தான், ஆனால் அப்பியாசத்தாலும் வைராக்கியத்தாலும் முடியும்.

சமய வகுப்பில் இந்த 35ஆம் சுலோகத்தை மனதை ஒருநிலைப்படுத்துவதற்காக, பரீட்சைக்குப் படிப்பதற்காகச் சொல்லித் தருவார்கள். நல்லதுதான். ஆனால் அது எந்தக் கேள்விக்குப் பதிலாக வந்தது என்று பார்க்க வேண்டும். அடுத்தவர் துன்பத்தைத் தன் துன்பமாகப் பார்க்கிற பார்வை நிலைக்க மாட்டேன் என்கிறதே என்ற கேள்விக்குத்தான் அப்பியாசம் பதிலாக வருகிறது. தயை சிலருக்குப் பிறவியில் வரும், மற்றவர்கள் விட்டுவிடலாம் என்று கண்ணன் சொல்லவில்லை. பழகு என்கிறார்.

வைராக்கியமும் வரைகிறவருக்குத் தெரிந்த விஷயம்தான். பக்கம் அழகாக வந்தாலும் வராவிட்டாலும் நாளை அடுத்த பக்கத்தைத் திறக்க வேண்டும். எத்தனை லைக் விழுந்தது என்று எண்ணிக்கொண்டிருந்தால் கண் வரைகிற பொருளை விட்டுத் திரைக்குப் போய்விடும். அம்மா விடியற்காலையில் வாசலில் கோலம் போடுகிறார். பத்து மணிக்குள் மோட்டார் சைக்கிள் ஏறி அழிந்துவிடுகிறது. அதற்காக அவர் யாரிடமும் சண்டைக்குப் போவதில்லை. மறுநாள் புள்ளி வைக்கிறார்.

ஆனாலும் இந்த வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. அதை மறைத்துவிட்டு மேலே போகக்கூடாது. கவனமாகப் பார்க்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் இரக்கமுள்ளவர்களா? இல்லையே. கழுகுக்கும் கூர்மையான கண்தான். தோட்டத்து லயத்தின் உடைந்த கதவையும் கிழிந்த சட்டை போட்ட பிள்ளையையும் அழகாகப் படம் பிடித்துப் போட்டியில் பரிசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளையின் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். கண் பழகியிருக்கிறது, மனம் பழகவில்லை. கைத்திறன் தானாகவே நல்ல மனிதனை உருவாக்கிவிடும் என்றால், பெரிய கலைஞர்கள் எல்லாரும் உத்தமர்களாக இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை என்று கலை வரலாறு படிக்கிற எனக்குத் தெரியும்.

இங்கேதான் ஔவையாரை மறுபடி மதிக்கத் தோன்றுகிறது. கவனம் நம்மைக் கதவு வரைக்கும் கொண்டுபோய் விடும். உள்ளே போவதா, வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவதா என்று ஒரு கணம் வருகிறது. அந்தக் கணத்தில் ஒருவரை உள்ளே இழுப்பது எது என்று கேட்டால், பழக்கம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அந்த ஏதோ ஒன்றைத்தான் அவர் பிறவிக் குணம் என்றாரோ என்னவோ. என் எண்ணம் இதுதான்: அந்த விதை எல்லாருக்குள்ளும் கொஞ்சம் இருக்கிறது. எல்லா உயிரிலும் இறைவன் இருக்கிறான் என்று நம்புகிற நாம் அதை இல்லை என்று சொல்ல முடியாது. தண்ணீர் ஊற்றுவதுதான் பழக்கம். யார் வீட்டிலும் விதை இல்லை என்று நாமாக முடிவு கட்டிவிடக்கூடாது.

இன்றைக்கு இன்னொரு கேள்வியும் வருகிறது. கைப்பேசியில் ஒரு வரி தட்டினால் ஏஐ நொடியில் படம் போட்டுத் தருகிறது. "ரப்பர் தோட்டத்தில் ஒரு தமிழ்ப் பாட்டி" என்று கேட்டால் தலையில் முக்காடு, பின்னால் மரம், காலை வெயில் எல்லாம் வந்துவிடும். பிறகு எதுக்கு வரைந்து பழகணும் என்று ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. படம் மட்டும்தான் வேண்டும் என்றால் அவன் சொல்வது சரி. ஆனால் அந்தப் படத்தைக் கேட்டவன் எந்தப் பாட்டியின் பக்கத்திலும் இருபது நிமிடம் உட்காரவில்லை. கத்தி உட்கார்ந்த இடத்தை அவனுக்கு யாரும் காட்டவில்லை. வரைகிறவருக்கு மிஞ்சுவது இரண்டு: காகிதத்தில் ஒரு படம், தனக்குள் ஒரு மாற்றம். இயந்திரம் முதலாவதைத் தரும்.

இதை ஏன் கெடாவில் இருக்கும் நாம் குறிப்பாக யோசிக்க வேண்டும்? நம் கண் முன்னாலேயே நிறைய மறைந்துகொண்டிருக்கிறது. சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் பக்கம் தோட்டமாக இருந்த இடங்கள் தாமான்களாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் போயின. பெரட்டுக் களம் எங்கே இருந்தது என்று கேட்டால் காட்ட ஆள் குறைந்துகொண்டே வருகிறது.

மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. கடாரம், ராஜேந்திர சோழன், 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பு என்று மேடையில் பேசும்போது நமக்கு மார்பு விரிகிறது. குனோங் ஜெராய் அடிவாரத்தில் புக்கிட் பத்து பாஹாட் என்ற பழங்கோயில் நிற்கிறது. 1930களில் குவாரிச் வேல்ஸ் என்ற ஆய்வாளர் அந்தப் பள்ளத்தாக்கில் அகழ்ந்து பார்த்தார். பிறகு இந்தக் கோயில் மறுபடி தோண்டப்பட்டு, 1960 வாக்கில் கல் கல்லாகச் சேர்த்துச் சீரமைக்கப்பட்டது. அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு அருங்காட்சியகத்தைச் சுற்றிவிட்டுத் திரும்புகிறார்கள். உட்கார்ந்து வரைந்தால் வேறு ஒன்று தெரியும். கருவறைக்கு முன்னால் இருக்கும் மண்டபத்தில் தூண்கள் இல்லை. தூண்கள் நின்ற கற்கள் மட்டும் இருக்கின்றன. மேலே இருந்த கூரை எப்போதோ அழிந்துவிட்டது. அந்தக் கற்களின் இடைவெளியைச் சரியாக அளந்து வரையும்போது, இங்கே எத்தனை பேர் நின்றிருப்பார்கள், எந்தப் பக்கமிருந்து ஏறி வந்திருப்பார்கள் என்று மனம் தானாகக் கணக்குப் போடுகிறது. கட்டியவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் கை வைத்த இடம் தெரிகிறது.

அதே பள்ளத்தாக்கில், சுங்கை பத்து பகுதியில், 11ஆம் எண் கொண்ட பழங்கோயில் ஒன்று 2013இல் வீடமைப்புக்காக நிலத்தைச் சமப்படுத்தியபோது இடிக்கப்பட்டது. செய்தி வந்த பிறகு நாடு முழுக்கக் குரல் எழுந்தது. போன கல் திரும்பவில்லை. அதற்கு முன் நம்மில் எத்தனை பேர் அந்த இடத்தைப் போய்ப் பார்த்திருப்போம்? நாலு பிள்ளைகள் மாதம் ஒரு முறை ஸ்கெட்ச் புக்கோடு வந்து உட்காரும் இடம் என்றால், அங்கே ஏதாவது நடந்தால் முதல் நாளே யாருக்காவது தெரிந்திருக்கும். பார்க்க ஆள் இருக்கிற இடத்தில் கை வைக்கக் கொஞ்சமாவது யோசிப்பார்கள். மனிதர்களுக்கும் இதே கதைதான். யாரும் கவனிக்காத முதியவரின் மருந்துச் சீட்டு காலாவதியாகிக் கிடப்பது யாருக்கும் தெரியாது.

அதனால் நம் இளையோருக்கு ஒரு சின்ன யோசனை சொல்கிறேன். திறமை உள்ளவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். பள்ளிக்கூட எழுத்துப் புத்தகம் ஒன்று, 2பி பென்சில் ஒன்று போதும். ஒரு நாளைக்கு 20 நிமிடம். முதல் வாரம் வீட்டில் இருப்பவர்களின் கைகளை வரையுங்கள். அப்பாவின் கை, சமைத்துக்கொண்டிருக்கும் அம்மாவின் கை, தம்பியின் நகம் கடித்த கை. இரண்டாம் வாரம் அக்கம்பக்கத்துப் பெரியவர்கள். கட்டாயம் அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் சிரித்துக்கொண்டு விட்டுவிடுங்கள். வரையும்போது கண் அதிக நேரம் கையின் மேல் இருக்கட்டும், காகிதத்தின் மேல் குறைவாக இருந்தால் போதும். கோடு கோணலாக வந்தால் ரப்பரைத் தேடாமல் பக்கத்திலேயே இன்னொரு கோடு போடுங்கள். முடிந்ததும் அந்தப் படத்தை முதலில் அவர்களிடம் காட்டுங்கள். இன்ஸ்டாகிராமில் போடுவது அதற்கு அப்புறம், அவர்கள் சரி என்றால் மட்டும்.

ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஒரு வரி எழுதி வையுங்கள்: இன்று இந்தக் கையில் நான் புதிதாகப் பார்த்தது என்ன. ஒரு மாதம் கழித்துப் புத்தகத்தைப் புரட்டும்போது கோடுகள் சீராகியிருக்கும், அது பழக்கத்தின் வேலை. அந்த ஒற்றை வரிகளையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். முதல் வாரம் "விரல் நீளம்" என்று எழுதியிருப்பீர்கள். நாலாவது வாரம் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஔவையாரின் இரண்டாம் பாதிக்கு உங்கள் பதில் அந்தப் பக்கத்தில் இருக்கும்.